ஒற்றை உமிழியும் ஒளியும்: பிணைப்பை வலுப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிக் குவாண்டம் உமிழி என்று எதைச் சொல்கிறோம்?

ஒரு நேரத்தில் ஒளித்துகளான ஃபோட்டான் ஒன்றை மட்டும் உமிழவோ உட்கவரவோ வல்ல தனிப்பொருளை இப்படி அழைக்கிறோம். வெற்றிட அறையில் லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு ரூபிடியம் அணு, படிகத்துக்குள் பதிந்திருக்கும் ஒரு சாய மூலக்கூறு, காலியம் ஆர்செனைடுக்குள் சில பத்து நானோமீட்டர் அகலத்தில் வளரும் இண்டியம் ஆர்செனைடுத் தீவான குவாண்டம் புள்ளி, வைரத்தின் அணிக்கோவையில் கார்பன் விட்டுப்போன இடத்தை ஒட்டி வேறோர் அணு அமர்ந்திருக்கும் நிறமையம் ஆகியவை அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் வேதியியல் வெவ்வேறாக இருந்தாலும், ஓர் அடிநிலை, ஒரு கிளர்வு நிலை, இரண்டுக்கும் இடையே ஒரு மின் இருமுனைத் தாவல் என்ற ஒரே சித்திரத்தில் இவற்றைப் பெரும்பாலும் அடக்கிவிடலாம். கிளர்வு நிலையில் இருக்கும்போது இன்னொரு ஃபோட்டானை ஏற்க முடியாது என்பதே இவற்றின் தனித்தன்மை. உமிழியும் ஒளியும் ஒன்றையொன்று எவ்வளவு வலுவாகப் பாதிக்கின்றன என்பதையே இங்கே பிணைப்பு என்கிறோம்.

பிணைப்பை வலுப்படுத்த ஒளிக்கற்றையை நல்ல லென்ஸால் அணுவின்மீது குவித்தால் போதாதா?

கணக்கைப் பார்த்தால் போதும் என்றே முதலில் தோன்றும். இரண்டு நிலைகள் கொண்ட ஓர் அணு, ஒத்ததிர்வு அலைநீளத்தில், தன் உருவத்தைவிடப் பல லட்சம் மடங்கு பெரிய பரப்பிலிருந்து ஒளியைச் சிதறடிக்க வல்லது. அந்தக் குறுக்குவெட்டுப் பரப்பு அலைநீளத்தின் வர்க்கத்தில் ஏறத்தாழப் பாதி. ரூபிடியத்தின் 780 நானோமீட்டர் கோட்டுக்கு இது சுமார் 0.29 சதுர மைக்ரோமீட்டர். விளிம்பு விளைவு அனுமதிக்கும் மிகச் சிறிய ஒளிப்புள்ளியின் பரப்பும் அலைநீள வர்க்கத்தில் கால் பங்கு அளவில்தான் இருக்கிறது. அப்படியானால் ஒரு தனி அணு முழுக் கற்றையையும் மறித்துவிட வேண்டும் அல்லவா?

நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. 2008-இல் சிங்கப்பூரின் குவாண்டம் தொழில்நுட்ப மையத்தில் கிறிஸ்டியன் குர்ட்ஸீஃபர் குழு, பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு ரூபிடியம் அணுவின் வழியாகச் சென்ற கற்றையில் சுமார் 10 விழுக்காடு குறைவதைக் கண்டது. லென்ஸைப் பயன்படுத்திக் கிடைத்த அந்த அளவே அந்நாளில் ஒரு சாதனையாகக் கருதப்பட்டது. காரணம் வடிவப் பொருத்தம். அணு தன் ஒளியை ஓர் இருமுனையின் வடிவில் எல்லாத் திசைகளிலும் உமிழ்கிறது. அந்த உமிழ்வைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டினால் எந்த அலை கிடைக்குமோ அந்த அலையை அனுப்பினால்தான் அணு அதை முழுமையாக ஏற்கும். லென்ஸ் தருவதோ ஒரு பக்கத்திலிருந்து வரும் குறுகலான கூம்பு. ஆழமான பரவளைய ஆடிக்குள் ஓர் அயனியை வைத்து ஏறக்குறைய எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளியைக் குவிக்கும் முயற்சி ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் நடைபெற்றிருக்கிறது. கருத்தளவில் அது முற்றிலும் சரியான வழி. ஆனால் ஆடியின் வடிவப் பிழை, அயனியின் இடைவிடாத அசைவு ஆகியவற்றால் அது எட்டுவது மிகக் கடினம்.

திடப்பொருளில் இன்னொரு தடையும் சேர்கிறது. அறை வெப்பநிலையில் சுற்றியுள்ள அணுக்களின் அதிர்வு உமிழியின் கட்டத்தை, அதாவது அதன் அதிர்வின் ஒழுங்கை, ஓயாமல் கலைக்கிறது. அதனால் நிறமாலைக் கோடு அகன்று, குறுக்குவெட்டுப் பரப்பு அதே விகிதத்தில் சுருங்குகிறது. சாய மூலக்கூறு ஒன்றுக்கு இந்தச் சுருக்கம் பத்து லட்சம் மடங்கு என்ற அளவில் இருக்கும். இத்துறையின் சோதனைகளில் பெரும்பாலானவை திரவ ஹீலியத்தின் குளிரில் நடப்பதற்கு இதுவே முதல் காரணம்.

உமிழியின் சூழலை மாற்றினால் அதன் உமிழ்வு மாறுமா?

மாறும். தன்னிச்சை உமிழ்வின் வேகம் அணுவின் நிலையான சொத்து என்று பாடநூல்கள் ஒரு மனப்பழக்கத்தை உண்டாக்கிவிடுகின்றன. உண்மையில் அது அணுவுக்கும் அதைச் சூழ்ந்த வெற்றிடத்துக்கும் பொதுவான சொத்து. ஃபோட்டான் போய்ச் சேர எத்தனை அலைமுறைகள் (ஒளி அமையக்கூடிய அலை வடிவங்கள்) காத்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே உமிழ்வு விரைகிறது அல்லது தயங்குகிறது. இதை எட்வர்ட் பர்செல் 1946-இல் சில வரிகளே கொண்ட ஒரு குறிப்பில் எழுதினார். அவர் மனத்தில் இருந்தது ஒளியே அல்ல. ரேடியோ அதிர்வெண்ணில் அணுக்கருவின் காந்தத் தாவல் தானாக நிகழ நினைத்துப் பார்க்க முடியாத அளவு நீண்ட காலம் ஆகும், ஆனால் ஓர் ஒத்ததிர்வுச் சுற்று அருகில் இருந்தால் அந்தக் காலம் பெரிதும் குறையும் என்பதே அவர் சொன்னது. அந்தச் சிறு குறிப்பின் மீதுதான் இன்று ஒரு முழுத் துறை நிற்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. போக வழியே இல்லாவிட்டால் அணு கிளர்வு நிலையிலேயே தங்கிவிடும். 1981-இல் டேனியல் க்ளெப்னர் இந்தத் தடுப்பு விளைவை முன்வைத்தார். 1985-இல் அவருடைய குழு, இரண்டு உலோகத் தகடுகளுக்கு இடையே ரிட்பெர்க் அணுக்களை (மிக உயர்ந்த கிளர்வு நிலைக்கு ஏற்றப்பட்ட அணுக்களை) செலுத்தி அதை மெய்ப்பித்தது. பின்னால் ஒளியியல் படிகங்கள் (ஒழுங்கான நுண்துளை வரிசைகளால் ஒளியைத் தடுக்கும் பொருள்கள்) பெற்ற முக்கியத்துவத்துக்கு இந்தத் தடுப்பும் விரைவாக்கலைப் போன்றே காரணம்.

பர்செல் காரணியைப் பெரிதாக்க எதை மாற்ற வேண்டும்?

சூழலால் உமிழ்வு எத்தனை மடங்கு விரைகிறது என்பதே பர்செல் காரணி. எதிரெதிர் ஆடிகளுக்கு நடுவிலோ குறைகடத்தியில் குடைந்த நுண்துளைகளுக்கு நடுவிலோ ஒளியை அடைத்துவைக்கும் அமைப்பை ஒளிக்குழி என்போம். அதற்கு இரண்டு எண்கள் முக்கியம். ஒளி வெளியேறும் முன் எத்தனை அதிர்வுகள் தங்குகிறது என்பதைச் சொல்வது தரக்காரணி. எவ்வளவு இடத்துக்குள் செறிந்திருக்கிறது என்பதைச் சொல்வது அலைமுறையின் கனஅளவு. பர்செல் காரணி முதல் எண்ணுக்கு நேர்விகிதத்திலும் இரண்டாவதற்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. கனஅளவைப் பொருளுக்குள் உள்ள அலைநீளத்தின் கனத்தால் அளந்தால், முன்னே நிற்கும் மாறிலி சுமார் 0.076 ஆகும். எடுத்துக்காட்டாக, தரக்காரணி 10,000 ஆகவும் கனஅளவு ஓர் அலைநீளக் கனமாகவும் இருந்தால் காரணி 760 என்று வருகிறது.

தாளில் வரும் 760 ஆய்வகத்தில் அப்படியே கிடைப்பதில்லை. உமிழி புலத்தின் உச்சியில் அமர வேண்டும், அதன் இருமுனை புலத்தின் திசையில் இருக்க வேண்டும், அதன் நிறம் குழியின் நிறத்தோடு ஒன்ற வேண்டும், அதன் கோடு குழியின் கோட்டைவிட அகலமாக இருக்கக் கூடாது. குவாண்டம் புள்ளிகளைக் கொண்ட நுண்தூண் குழிகளில் 1998-இல் பிரான்சின் ழான்-மிஷேல் ழெரார் குழு உமிழ்வு 5 மடங்கு விரைவதைக் காட்டியபோது, குறைகடத்தியிலும் இந்த விளைவு தெளிவாக நிகழும் என்பது உறுதிப்பட்டது. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த 5 எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. மற்ற வழிகளில் ஒளி வெளியேறும் வேகம் மாறவில்லை என்று கொண்டால், 6 ஃபோட்டான்களில் 5 நாம் விரும்பும் அலைமுறைக்குள் போகின்றன. காரணி 50 ஆனால் இந்தப் பங்கு 98 விழுக்காடு. அதற்கு மேல் காரணியை எவ்வளவு உயர்த்தினாலும் சேகரிப்பில் கிடைக்கும் கூடுதல் ஆதாயம் மிகச் சிறிது.

வலுப்பிணைப்பு என்பது இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

பர்செல் விளைவில் ஃபோட்டான் குழிக்குள் பிறந்து, திரும்பிப் பார்க்காமல் வெளியேறிவிடுகிறது. குழியின் இழப்பும் உமிழியின் இழப்பும் போதிய அளவு சிறிதாக இருந்தால், வெளியேறும் முன்பே உமிழி அதைத் திரும்ப உட்கவர்ந்து மீண்டும் உமிழும். ஆற்றல் இருவருக்கும் இடையே ஊசலாடும். அப்போது நிறமாலையில் ஒரு கோடு இருந்த இடத்தில் இரண்டு கோடுகள் தோன்றும். இந்த ஊசலாட்ட வேகத்தில் பாதியைப் பிணைப்பு வீதம் என்கிறோம். உமிழியின் இருமுனைத் திறனுக்கு அது நேர்விகிதத்திலும், கனஅளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. 1963-இல் ஜெயின்ஸும் கம்மிங்ஸும் எழுதிய எளிய மாதிரி இன்றும் இதற்கு அடிப்படை.

ஒளி அலைநீளத்தில் இந்தப் பிளவை 1992-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கிம்பிளின் குழு கண்டது. குழியைக் கடந்து சென்ற சீசியம் அணுக்களின் கற்றையில் சராசரியாக ஓர் அணு அளவே எந்நேரமும் குழிக்குள் இருந்தது. குழிக்குள் பிடித்து நிறுத்தப்பட்ட ஒரே அணுவைக் கொண்டு 2004-இல் அதே குழு அதை மீண்டும் காட்டியது. அதே 2004-இல் தனிக் குவாண்டம் புள்ளிகளிலும் இரண்டு குழுக்கள் பிளவைக் கண்டன. ஒன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க்கில் நுண்தூணிலும் மற்றொன்று ஒளியியல் படிகக் குழியிலும் சோதித்தன. வூர்ட்ஸ்புர்க் சோதனையில் பிளவு 140 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், குழியின் கோட்டகலம் சுமார் 180. அதாவது பிளவு கோட்டகலத்தைவிடச் சிறியது. முதல் சான்று என்ற வகையில் அது மறுக்க முடியாத வெற்றிதான். என்றாலும் வலுப்பிணைப்பு என்ற பெயருக்குரிய வாசலை ஒரு கருவி தாண்டிவிட்டது என்பதும், அந்த ஊசலாட்டத்தை ஏதேனும் வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதை இந்த எண்களில் பார்க்கலாம்.

பிணைப்பு வீதம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. இந்தப் பக்கத்தில் எந்த ஒரு விடையையேனும் மனத்தில் இருத்திக்கொள்ள விரும்பினால் இதை இருத்திக்கொள்ளுங்கள். இரண்டு எல்லைகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பாரிஸில் செர்ஜ் அரோஷின் ஆய்வகத்தில், நியோபியம் பூசிய செப்பு ஆடிகள் இரண்டு, ஏறத்தாழ 2.7 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு கெல்வினுக்குக் கீழான குளிரில் எதிரெதிரே நின்றன. அவற்றுக்கு நடுவே 51 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலை ஃபோட்டான் ஒன்று சராசரியாக 130 மில்லி நொடி உயிரோடு இருந்தது. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவு 39,000 கிலோமீட்டர், பூமியை ஒருமுறை சுற்றிவருவதற்குச் சற்றுக் குறைவு. ரிட்பெர்க் அணுவோடு அந்தப் புலத்துக்கு இருந்த ஊசலாட்ட வேகம் நொடிக்குச் சுமார் 50,000 முறை. ஒளி அறிவியலின் அளவுகோலில் இது ஆமை வேகம். ஆனாலும் ஃபோட்டானின் ஆயுளுக்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசல்களுக்கு இடம் இருந்தது. ஒரு ஃபோட்டானை அழிக்காமலே அது இருக்கிறதா என்று மீண்டும் மீண்டும் பார்க்க இந்த அவகாசமே உதவியது. 2012-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அரோஷ் டேவிட் வைன்லாண்டுடன் பகிர்ந்துகொண்டார்.

மறு எல்லையில் கேம்பிரிட்ஜ். 2016-இல் ஜெரமி பாம்பெர்க்கின் குழு, தங்கத் தளத்தின் மேல் 40 நானோமீட்டர் தங்க மணியை வைத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட 0.9 நானோமீட்டர் இடுக்கில் ஒரு மெத்திலீன் நீல மூலக்கூறை நிறுத்தியது. சிறு பீப்பாய் போன்ற வேறொரு மூலக்கூறு அந்தச் சாயத்தைத் தன் வயிற்றில் செங்குத்தாகத் தாங்கி நின்றது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் தந்திரம் இது. ஒளி செறிந்திருந்த இடம் 40 கன நானோமீட்டருக்கும் குறைவு. அது அலைநீளத்தின் கனத்தில் ஏறக்குறைய ஒரு கோடியில் ஒரு பங்கு. தனி மூலக்கூறுக்கான பிளவு சுமார் 90 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதுவும் அறை வெப்பநிலையில். பாரிஸின் ஊசலாட்டத்தைவிட இது நாற்பது கோடி மடங்குக்கும் மேல் வேகமானது. ஓர் ஊசலுக்கு ஆகும் காலம் 46 ஃபெம்டோ நொடி. ஆனால் உலோகத்தில் எலக்ட்ரான்களின் கூட்டு அலைவான பிளாஸ்மானின் ஆயுளோ பத்து ஃபெம்டோ நொடி என்ற அளவில்தான் இருக்கிறது. ஆகவே ஓர் ஊசல் முடிவதற்குள்ளேயே ஆற்றலின் பெரும்பகுதி வெளியேறியோ வெப்பமாகியோ போய்விடுகிறது.

இரண்டும் சிறந்த சோதனைகளே. ஆனால் பிணைப்பின் வேகத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டாவதை மாபெரும் வெற்றி என்பார். இழப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் குவாண்டம் தகவலைக் கையாள முதலாவதையே தேர்ந்தெடுப்பார். வேகத்தின் வர்க்கத்தை இரண்டு இழப்பு வீதங்களின் பெருக்கத்தால் வகுத்துப் பெறும் ஒத்துழைப்பு எண்ணே பெரும்பாலான பயன்பாடுகளில் தீர்மானிக்கும் அளவு. 2019-இல் சுவிட்சர்லாந்தின் பாஸலில் ரிச்சர்ட் வார்பர்ட்டன் குழு, ஒரு குவாண்டம் புள்ளியை நகர்த்தத்தக்க நுண்குழியோடு இணைத்து இந்த எண்ணை 150-க்கு உயர்த்தியது. பிணைப்பு வேகத்தில் அது எந்தச் சாதனையையும் முறியடிக்கவில்லை. இழப்பைக் குறைத்ததிலேயே அதன் வெற்றி இருந்தது.

தங்கத்தின் அருகே வைத்தால் உமிழியின் ஒளி அணைந்துவிடும் என்கிறார்களே?

தனித் தங்க மணியைப் பொறுத்தவரை அது உண்மை. மணியை நோக்கி ஒரு மூலக்கூறை மெல்ல நகர்த்திச் சென்ற 2006-ஆம் ஆண்டுச் சோதனைகளில், ஒளிர்வு முதலில் கூடி, சுமார் 5 நானோமீட்டர் தொலைவில் உச்சத்தைத் தொட்டு, அதற்குள் நெருங்கியதும் சரிந்தது. மிக அருகில், வெளியே ஒளி வீசாத பல அலைமுறைகள் ஆற்றலை உலோகத்துக்குள் இழுத்து வெப்பமாக்கிவிடுகின்றன. இடுக்கு அமைப்புகளில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அங்கே வெளியே ஒளிவீசும் அலைமுறையும் அந்தப் பிற முறைகளோடு கலந்துவிடுவதால், அணைதல் எதிர்பார்த்ததைவிடக் குறைகிறது.

இங்கே பெரிய எண்களைப் படிக்கும்போது சற்று எச்சரிக்கை தேவை. 2009-இல் ஸ்டான்ஃபோர்டில் பட்டாம்பூச்சி முடிச்சு வடிவத் தங்க ஆன்டெனாவில் ஒரு தனி மூலக்கூறின் ஒளிர்வு 1,340 மடங்கு கூடியது. அந்தச் சாயம் இயல்பில் தான் ஏற்றதில் இரண்டரை விழுக்காட்டையே ஒளியாகத் திருப்பித் தருவது. மங்கலாக ஒளிர்வதைப் பிரகாசமாக்க இடம் நிறைய உண்டு. ஏற்கெனவே நூற்றுக்குத் தொண்ணூறு ஒளிரும் ஒன்றை எடுத்திருந்தால் அந்தப் பெருக்கம் கிடைத்திருக்காது.

குழியே இல்லாமல் பிணைப்பை வலுப்படுத்த முடியுமா?

முடியும். ஒளி போகத்தக்க வழிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை மூடிவிட்டால், மிச்சமுள்ள வழியில் போவதைத் தவிர அதற்கு வேறு கதியில்லை. துளைகள் வரிசையாகக் குடைந்த மெல்லிய குறைகடத்திப் படலத்தில் ஒரு வரிசைத் துளைகளை மட்டும் குடையாமல் விட்டால் அதுவே ஓர் அலைவழி ஆகிறது. பக்கவாட்டில் ஒளி செல்லப் படிகம் தடைபோடுகிறது. அலைவழியில் ஒளியின் வேகம் வெகுவாகக் குறைவதால் உமிழி அதோடு செலவிடும் நேரமும் கூடுகிறது. 2014-இல் கோபன்ஹேகனில் பீட்டர் லோடால் குழு இவ்வகை அலைவழியில் ஒரு குவாண்டம் புள்ளியின் உமிழ்வில் 98 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரே பாதையில் செல்வதைக் காட்டியது. உயர்தரக் குழியில் உமிழியின் நிறம் நூலிழை தவறினாலும் எல்லாம் வீண். அலைவழியோ அகன்ற நிற எல்லைக்குள் வேலை செய்யும். சில்லின் மேல் பல உமிழிகளை இணைக்க நினைப்பவருக்கு இதுவே பொருத்தமான வழி என்பது என் கருத்து.

உமிழியைத் தேர்ந்தெடுப்பதில் கவனிக்க வேண்டியது என்ன?

குழியைச் செதுக்குவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது உமிழியின் மேல் காட்ட வேண்டும். வைரத்தின் நைட்ரஜன் நிறமையம் புகழ் பெற்றது, அறை வெப்பநிலையிலும் அதன் சுழற்சி (ஸ்பின்) நிலை நீடிப்பது. ஆனால் 637 நானோமீட்டரில் அமைந்த அதன் கூரிய கோட்டில் வெளிவருவது மொத்த ஒளியில் சுமார் 3 விழுக்காடுதான். மீதி அணிக்கோவையின் அதிர்வுகளோடு கலந்து அகன்ற பட்டையாகப் போய்விடுகிறது. சிலிக்கான் நிறமையத்தில் 737 நானோமீட்டர் கோட்டிலேயே ஏறத்தாழ 70 விழுக்காடு வருகிறது. அதன் வடிவச் சமச்சீர் காரணமாக, அருகில் அலையும் மின்னூட்டங்களின் புலம் அதன் நிறத்தை முதல் தர அளவில் அசைப்பதில்லை. அதனால் அதைச் செதுக்கிய பரப்புக்கு அருகிலேயே வைக்கலாம். விலையாக அதன் சுழற்சி நினைவு நீடிக்க ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்கு என்ற குளிர் வேண்டும்.

குவாண்டம் புள்ளியின் இருமுனை பெரியது, அதன் ஆயுள் ஒரு நானோ நொடி அளவில்தான் இருக்கும். ஆனால் அருகருகே வளரும் இரண்டு புள்ளிகள்கூட ஒரே நிறத்தில் அமைவதில்லை, எங்கே வளரும் என்றும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே முதலில் நல்ல புள்ளியைத் தேடிப் பிடித்து, பிறகு அதைச் சுற்றிக் குழியைச் செதுக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது.

மைக்ரோ அலைக் கருவிகளில் இதெல்லாம் எளிதாகிவிட்டதாமே?

ஒரு வகையில் ஆம். 2004-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் வால்ராஃபும் உடனிருந்தோரும் மீக்கடத்திச் சுற்று ஒன்றையே அணுவாகக் கொண்டு, சில்லின் மேல் அமைந்த 6 கிகாஹெர்ட்ஸ் அலைவழிக் குழியோடு அதைப் பிணைத்தனர். பிணைப்பு வீதம் 5.8 மெகாஹெர்ட்ஸ், இரண்டு இழப்புகளும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ். இந்தச் செயற்கை அணுவின் இருமுனை இயற்கை அணுவினதைவிடப் பத்தாயிரம் மடங்கு என்ற அளவில் பெரியது. குழியின் குறுக்களவும் அலைநீளத்தைவிட மிகமிகச் சிறியது. 2010-இல் ஜெர்மனியில் பிணைப்பு வீதம் குழியின் அதிர்வெண்ணிலேயே 12 விழுக்காட்டை எட்டியது, 2017-இல் ஜப்பானில் அது அதிர்வெண்ணையே தாண்டியது. அந்த எல்லையில் ஜெயின்ஸ், கம்மிங்ஸ் மாதிரியே செல்லுபடியாகாது. குறை ஒன்றுதான்: மைக்ரோ அலை ஃபோட்டானை அறை வெப்பநிலையில் உள்ள கம்பியில் அனுப்பினால் வெப்ப இரைச்சலில் மூழ்கிவிடும். நகரங்களுக்கு இடையே தகவல் அனுப்ப ஒளியே வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் பயன் என்ன?

உடனடிப் பயன் தனி ஃபோட்டான் மூலம். 2021-இல் பாஸல் குழு, திறந்த நுண்குழியில் வைத்த குவாண்டம் புள்ளியைத் தூண்டும்போது, கடைசி ஒளியிழையின் முனையில் ஃபோட்டான் கிடைக்கும் நிகழ்தகவை 57 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. இங்கே வலுப்பிணைப்பு தேவையே இல்லை, அது வந்தால் கெடுதல்கூட. ஃபோட்டான் உமிழிக்குத் திரும்பிப் போகாமல் விரைந்து ஓர் ஆடியின் வழியே வெளியேறுவதே நோக்கம். ஆயுள் குறைவதால் கட்டம் சிதைவதற்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது, அடுத்தடுத்த ஃபோட்டான்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன.

மற்றொன்று குவாண்டம் நினைவகம். 2020-இல் ஹார்வர்டில் மிகைல் லூக்கின் முதலானோர், வைரத்தில் செதுக்கிய ஒளியியல் படிகக் குழியில் ஒரு சிலிக்கான் நிறமையத்தை ஒத்துழைப்பு எண் 100-க்கு மேல் வரும்படி பிணைத்தனர். வந்த ஃபோட்டான் எதிரொளிக்கப்படுமா இல்லையா என்பதை நிறமையத்தின் சுழற்சியே முடிவு செய்தது. அதைக் கொண்டு, நினைவகம் இல்லாமல் நேரடியாக அனுப்புவதைவிடச் சிறந்த விகிதத்தில் மறைகுறித் தகவல் பரிமாறலாம் என்று காட்டினர்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் எண்களை ஒப்பிடும்போது எதைப் பார்க்க வேண்டும்?

வரையறையைப் பார்க்க வேண்டும். ஒத்துழைப்பு எண்ணுக்குக் குறைந்தது மூன்று வரையறைகள் புழக்கத்தில் உள்ளன. சிலர் இழப்பு வீதத்தை ஆற்றலுக்கும் சிலர் புலத்துக்கும் எழுதுகிறார்கள், இரண்டுக்கும் இடையே 2 என்ற காரணி நிற்கிறது. இதனால் ஒரே கருவியின் எண் ஒரு கட்டுரையில் 100 எனவும் இன்னொன்றின் மரபில் 50 அல்லது 25 எனவும் வரலாம். பிணைப்பு வீதத்தைத் தருகிறார்களா, அதன் இரு மடங்கான பிளவைத் தருகிறார்களா என்பதையும், மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய எண்ணில் 2π என்ற காரணி அடங்கியிருக்கிறதா என்பதையும் சரிபார்த்த பிறகே இரண்டு கருவிகளை அருகருகே வைக்க வேண்டும். மேலே தந்த எண்களும் அவரவர் கட்டுரைகளில் அறிவித்தபடியே தரப்பட்டவை. பர்செல் காரணியாக வாசிக்க விரும்பினால், பிணைப்பு வீத வர்க்கத்தின் நான்கு மடங்கை இரண்டு ஆற்றல் இழப்பு வீதங்களின் பெருக்கத்தால் வகுக்கும் வடிவத்துக்கு முதலில் அவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும்.